ஏடு நமதாயின் எழுத்தாணியும் நமதாக வேண்டும்

(மூலக்குளத்தில் நம் அறக்கட்டளை விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

முப்பத்து மூன்று ஆண்டுகள் பள்ளிகளில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். சீவக சிந்தாமணியைப் பற்றியோ நாலடியாரைப் பற்றியோ பேசுவேன் என்றே விழாக் குழுவினர் எதிர்பார்த்திருப்பர். கணினியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று நான் கூறியதும் செயலாளர் சற்றுத் தயங்கினார். “அது இளைஞர்கள் பேச வேண்டிய பொருள் அன்றோ, அம்மா?” என்று கேட்டார். “இளைஞர்களிடம் இழப்பதற்கு இன்னும் ஏதும் சேரவில்லை, தம்பி. இழந்தவள் நான், ஆதலால் நானே பேசுகிறேன்” என்றேன்.

இழந்தது எது என்பதை முதலில் கூறிவிடுகிறேன்.

என் மாமியார் வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். பள்ளிக்கூடம் கண்டவர் அல்லர். ஆனால் தாலாட்டு, நலுங்குப் பாட்டு, நெல் குற்றும் பாட்டு, ஒப்பாரி என அவர் நெஞ்சில் நின்ற பாடல்கள் நூற்றுக்கணக்கானவை. கைக்குழந்தைக்கு மாந்தம் கண்டால் எந்தத் தழையை எந்த அளவில் அரைப்பது, மழைக்காலத்தில் பயறுவகையை எவ்வாறு காப்பது, எந்த ஊரில் யார் வீட்டுப் பெண் எந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டாள் என்பன எல்லாம் அவருக்கு மனப்பாடம். பொழுது சாயுமுன் உணவை முடித்துவிடும் வீடு எங்களுடையது. அதன்பின் கிடைக்கும் நீண்ட மாலை வேளைகளில் அவர் சொல்லச் சொல்ல நான் கணினியில் தட்டெழுதினேன். 2001-இல் தொடங்கி மூன்று ஆண்டுகள் அப்பணி நீடித்தது. 280 பக்கங்கள் சேர்ந்தன.

அக்காலத்தில் தமிழில் தட்டெழுத ஒரு நிறுவனத்தின் மென்பொருளை விலை கொடுத்து வாங்கியிருந்தேன். கணினியின் பின்புறத்தில் செருகும் சிறு பூட்டு ஒன்றையும் அதனுடன் கொடுத்தனர். அப்பூட்டு இருந்தால்தான் மென்பொருள் இயங்கும். சில ஆண்டுகளில் அந்தக் கணினி பழுதாயிற்று. புதிய கணினியில் அப்பூட்டைச் செருகத் துளையே இல்லை. நிறுவனத்தைத் தேடினேன், அது கடையை மூடிவிட்டிருந்தது. குறுவட்டுகளில் சேமித்திருந்த கோப்புகளைத் திறந்தால், ‘அம்மா’ என்று நான் தட்டெழுதிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் குழம்பிக் கிடந்தன. அதற்குள் மாமியாரும் மறைந்துவிட்டார். மீண்டும் ஒருமுறை சொல்லுங்கள், அத்தை, என்று கேட்க ஆள் இல்லை.

இது எவ்வாறு நேர்ந்தது? கணினி எழுத்தை அறியாது. எண்ணை மட்டுமே அறியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. அந்நாளில் தமிழ் எழுத்துரு செய்தோர் பலர், ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்களிலேயே தமிழ் எழுத்து வடிவங்களைத் தத்தம் விருப்பம்போல் அமைத்துக்கொண்டனர். ஒரு நிறுவனத்தின் ‘அ’ மற்றொரு நிறுவனத்தின் கணக்கில் ‘ஞ’ ஆக இருக்கலாம். அந்த நிறுவனத்தின் எழுத்துரு இல்லையேல் நாம் எழுதியது தமிழே இல்லை. சொற்கள் நம்முடையவை, அவற்றைப் படிக்கும் திறவுகோல் விற்றவருடையது.

இந்நிலையை மாற்றியது ஒருங்குறி என்னும் பொது முறை. 1991-இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. அதில் ‘அ’ என்னும் எழுத்துக்கு 2949 என்னும் எண் வழங்கப்பட்டுள்ளது. எந்த நாட்டில், எந்தக் கருவியில் திறந்தாலும் 2949 என்றால் ‘அ’ தான். தமிழ்நாட்டரசு 2010-இல் ஒருங்குறியைத் தன் பயன்பாட்டுக்கு ஏற்றுக்கொண்டது. எவருடைய உடைமையும் அல்லாத பொது அளவை ஒன்று வந்த பின்னரே கணினித் தமிழ் தலைமுறை கடந்து நிற்கும் தகுதியைப் பெற்றது.

என் கோப்புகளை மீட்டுக் கொடுத்தவன் என் பழைய மாணவன். புதுச்சேரியில் ‘கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம்’ என்னும் தன்னார்வலர் அமைப்பு ஒன்று இயங்கி வருகிறது. அதன் கூட்டங்களுக்குச் சென்று பழகியவன் அவன். பழைய எழுத்துருக்களை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகளைத் தமிழ் ஆர்வலர் சிலர் எழுதி, எவரும் எடுத்தாளுமாறு பொதுவில் வைத்துள்ளனர். எங்கள் எழுத்துருவின் வரிசை அவற்றில் இல்லை. ஆயினும் அக்கருவியின் உள்ளமைப்பு மறைக்கப்படாமல் இருந்ததால், அதைத் திறந்து, அவ்வரிசையைத் தானே எழுதிச் சேர்த்தான். இரண்டு வாரங்களில் 239 பக்கங்கள் தமிழாக மீண்டன. ஒரு குறுவட்டு கீறல் விழுந்து போனதால் 41 பக்கங்கள் மீளவேயில்லை. ஒப்பாரிப் பாடல்களுள் பெரும்பகுதி அதிலேதான் இருந்தது.

கூலியாக என்ன வேண்டும் என்று கேட்டேன். பணம் வேண்டாம் என்றான். “பாடல்களைப் பொதுவில் வையுங்கள், அம்மா. எல்லாரும் படிக்கட்டும்” என்றான். வீட்டில் எல்லாரும் கூடிப் பேசினோம். பாடல்களையும் மருந்து முறைகளையும் பொதுவில் வைப்பது என்றும், உறவுமுறை வரிசையையும் குடும்பச் செய்திகளையும் வெளியிடாமல் காப்பது என்றும் முடிவு செய்தோம்.

அன்று எங்கள் கூடத்தில் எடுத்த அந்தச் சிறிய முடிவே இன்றைய உரைக்கு வித்து. பகிர வேண்டியது ஒன்று உண்டு. காக்க வேண்டியது ஒன்று உண்டு. இன்றோ பகிர வேண்டிய அறிவைப் பிறர் கொடுத்த பூட்டில் வைக்கிறோம். காக்க வேண்டிய குடும்பச் செய்தியைத் தெருவில் இறைக்கிறோம். இவ்விரண்டையும் நேர்செய்வது எப்படி என்பதே என் பேச்சு.

முதலில் பகிர்வைப் பார்ப்போம். ‘கட்டற்ற மென்பொருள்’ என்னும் சொல்லைப் பயன்படுத்தினேன். 1983-இல் அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்னும் கணினி வல்லுநர் இவ்வியக்கத்தைத் தொடங்கினார். ஒரு மென்பொருளை எந்தத் தேவைக்கும் பயன்படுத்தலாம். அது எவ்வாறு இயங்குகிறது என்று ஆராய்ந்து திருத்தலாம். படியெடுத்துப் பிறருக்கு வழங்கலாம். திருத்திய வடிவத்தையும் வழங்கலாம். இந்நான்கு உரிமைகளும் உடையதே கட்டற்ற மென்பொருள். ஆங்கிலத்தில் ‘விலையின்மை’, ‘விடுதலை’ ஆகிய இரண்டுக்கும் ‘ஃப்ரீ’ என்னும் ஒரே சொல் வழங்குவதால் அவர்கள் இன்றும் விளக்கம் சொல்லிக் களைக்கிறார்கள். நமக்கு அந்த இடர்ப்பாடு இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு என்பதைத் தமிழே பிரித்துக் காட்டிவிடுகிறது. பெருநிறுவனங்கள் இன்று வழங்கும் செயலிகளுட் பல இலவசம். ஆயினும் அவை கட்டற்றவை அல்ல.

நமக்கு இக்கருத்து புதிதும் அன்று. உணவு, மருந்து, நூல், அடைக்கலம் என்னும் நால்வகைத் தானங்களுள் நூல் தானத்தை அறிவோம். நூலைப் படியெடுத்து வழங்குவதே அத்தானம். பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் வாழ்ந்த அத்திமப்பை என்னும் பெருமாட்டி, பொன்னர் இயற்றிய சாந்தி புராணத்தை ஆயிரம் படிகள் எடுப்பித்து வழங்கினார் என்பது மரபுவழிச் செய்தி. பனையோலைக்கு ஆயுள் சில நூற்றாண்டுகளே. நூல் பிழைத்தது ஓலையின் வலிமையால் அன்று. படியெடுப்போர் இருந்தமையால், படியெடுக்கத் தடை இன்மையால். படியெடுப்பது குற்றம் என்று எவரேனும் விதித்திருந்தால் இன்று சிந்தாமணியும் இல்லை, நன்னூலும் இல்லை.

உ.வே.சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது சிந்தாமணியைப் பதிப்பிக்க முனைந்த வரலாறு நீங்கள் அறிந்ததே. சமயக் கருத்துகளில் ஐயம் எழுந்தபோதெல்லாம் அவ்வூர்ச் சமணப் பெரியோர்களை அணுகினார். அவர்கள், ‘இது எங்கள் நூல், உமக்கு ஏன் சொல்ல வேண்டும்?’ என்று கதவைச் சாத்தவில்லை. விளக்கமும் தந்தனர், சுவடியும் காட்டினர். 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. கொடுத்ததனால் நம் முன்னோர் எதையும் இழக்கவில்லை. தமிழுலகம் முழுமையும் அந்நூலுக்கு உரியதாயிற்று.

அதே வழியில் நம் காலத்தில் நடந்துள்ள பணிகள் சிலவற்றைக் கூறுகிறேன். 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் ‘மதுரைத் திட்டம்’ தொடங்கிற்று. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் என்னும் அறிவியலார் இதை முன்னின்று நடத்தினார். உலகெங்கும் உள்ள தமிழர்கள் வீட்டிலிருந்தே தமிழ் நூல்களைத் தட்டெழுதியும் மெய்ப்புப் பார்த்தும் கொடுத்தனர். எவருக்கும் ஊதியம் இல்லை. 2003-இல் தமிழ் விக்கிப்பீடியா பிறந்தது. 2005-இல் இலங்கைத் தமிழர்கள் ‘நூலகம்’ என்னும் மின்னூலகத்தைத் தொடங்கினர். 1981-இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஒரே இடத்தில் ஒரே படி இருந்தால் ஓர் இரவில் எல்லாம் அழியும் என்னும் கொடிய பாடத்தைக் கற்ற மக்கள் அவர்கள். தமிழ்நாட்டில் ‘கணியம்’ என்னும் மின்னிதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே கற்பித்து வருகிறது. அதைச் சார்ந்த அன்பர்கள் எழுத்தாளர்களின் இசைவு பெற்று மின்னூல்களைப் பொதுவில் வெளியிடுகின்றனர்.

இவையெல்லாம் ஆர்வலர் சிலரின் பொழுதுபோக்கு. அன்றாட வாழ்வுக்கு உதவுமா என்று கேட்பீர்கள். நம் பக்கத்து மாநிலமாகிய கேரளத்தைப் பாருங்கள். அங்கு அரசுப் பள்ளிகளில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகக் கட்டற்ற இயங்குதளத்திலேயே கணினிக் கல்வி நடைபெறுகிறது. நம் வீட்டுக் கணினிகளில் படம் பார்க்கப் பயன்படும், ஆரஞ்சு நிறக் கூம்பைச் சின்னமாகக் கொண்ட வி.எல்.சி. என்னும் மென்பொருளை அறியாதார் உளரோ? பாரிசு நகரையடுத்த கல்லூரி ஒன்றின் மாணவர்கள் 1996-இல் தங்கள் விடுதித் தேவைக்காகத் தொடங்கிய முயற்சி அது. 2001 முதல் கட்டற்ற மென்பொருளாக உலகெங்கும் பரவியுள்ளது.

பிரான்சு என்றதும் நம் புதுவையார்க்கு உறவினர் முகங்கள் நினைவுக்கு வரும். அந்நாட்டில் லியோன் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு ‘ஃப்ராமசாஃப்ட்’ என்னும் சிறு சங்கம் இயங்குகிறது. நன்கொடையால் நடப்பது. பெருநிறுவனங்களின் சேவைகளுக்கு மாற்றாகப் பல சேவைகளை 2014 முதல் அது மக்களுக்கு வழங்கியது. மக்கள் பெருகி வந்தனர். வேறு யாராயினும், ‘நாமும் பெரியவர்களாகிவிட்டோம்’ என்று மகிழ்ந்திருப்பர். இவர்களோ, எல்லாரும் நம்மிடமே வந்து சேர்ந்தால் நாமும் மற்றொரு பெருநிறுவனம் ஆகிவிடுவோம் என்று அஞ்சினர். தங்கள் சேவைகளுட் சிலவற்றைப் படிப்படியாக மூடப் போவதாக 2019-இல் அறிவித்து, ஊருக்கு ஊர் இயங்கும் சிறு குழுக்களிடம் மக்களை அனுப்பினர். வளர வாய்ப்பிருந்தும் போதும் என்று நின்ற அமைப்பை நான் அதிகம் கண்டதில்லை. மிகுபொருள் விரும்பாமையை நோன்பாக ஏற்ற நமக்கு அச்செயலின் பெருமை எளிதில் விளங்கும்.

இச்சிந்தனையில் தமிழர் ஒருவர் முன்னோடியாக இருந்தார். 1892-இல் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா, காந்தியடிகள் 1934-இல் தோற்றுவித்த அகில இந்தியக் கிராமத் தொழில்கள் சங்கத்தை நடத்தியவர். சிறையிலிருந்து நிலைத்த பொருளாதாரம் குறித்து நூல் எழுதியவர். இறுதிக் காலத்தை மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் கழித்தவர். பயன்படுத்துவோனின் ஊரிலேயே செய்து, ஊரிலேயே பழுது பார்த்து, எவரையும் சுரண்டாமல் நடைபெறும் தொழிலையே அவர் வேண்டினார். செக்குக்கும் தறிக்கும் அவர் கேட்ட கேள்விகளை இன்று நாம் கைப்பேசிக்குக் கேட்கலாம். இதை யார் செய்தார்? எந்தச் சுரங்கத்து மண்ணிலிருந்து இதன் உலோகம் வந்தது? பழுதுற்றால் நம் ஊரில் சரிசெய்ய இயலுமா? நெதர்லாந்தில் ‘ஃபேர்ஃபோன்’ என்னும் சிறு நிறுவனம் இக்கேள்விகளையே முன்வைத்து 2013-இல் தன் முதற்கைப்பேசியை வெளியிட்டது. பின்னர் வந்த அதன் கைப்பேசிகளைத் திருகாணி கழற்றி உரியவரே பழுது பார்க்கலாம். அது நம் கடைகளில் கிடைப்பதில்லை. ஆனால் வில்லியனூர் சாலையில் உள்ள பழுது பார்க்கும் கடைக்காரர் நம் பழைய கைப்பேசிக்குப் புதிய மின்கலம் இட்டுத் தரும்போது அவரும் இதே அறத்தையே செய்கிறார். இரண்டாண்டுக்கு ஒரு கைப்பேசி என்பதை ஐந்தாண்டுக்கு ஒன்று என்று ஆக்கினாலே சுரங்கத்தில் நேரும் துன்பத்தில் நம் பங்கு குறையும்.

இனிக் காக்க வேண்டியதற்கு வருகிறேன். இதைத் தாய்மார்கள் கருத்தூன்றிக் கேட்க வேண்டுகிறேன்.

என் உறவினர் ஒருவர் தம் மகளுக்கு வரன் தேடினார். நிழற்படம், பிறந்த நாள், சாதகம், அலுவலகம், சம்பளம், வீட்டு முகவரி, தொலைபேசி எண் அனைத்தும் அடங்கிய ஒரு தாளைக் குழுக்களில் அனுப்பினார். ஒரு குழுவிலிருந்து பத்துக் குழுக்களுக்கு அது சென்றது. திருமணம் நல்லபடி முடிந்தது. முடிந்த பின்னும் இரண்டாண்டுகள் முன்பின் அறியாதவர்கள் அந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டிருந்தனர். அவள் எண்ணை மாற்றினாள். நிழற்படத்தை மாற்ற இயலுமா? இதில் எந்த நிறுவனத்தையும் நான் குற்றம் சொல்லவில்லை. அனுப்பியவர்கள் நாம்.

வாட்சப்பை ஃபேஸ்புக் நிறுவனம் 2014-இல் ஏறத்தாழ 1,900 கோடி டாலருக்கு வாங்கிற்று. நம்மிடம் ஒரு காசும் வாங்காத ஒன்றுக்கு அவ்வளவு விலை ஏன் என்று நாம் ஒருமுறையேனும் எண்ணிப் பார்க்க வேண்டாமா? நாம் எழுதும் செய்தியை அந்நிறுவனம் படிக்க இயலாதவாறு 2016 முதல் பூட்டப்பட்டுள்ளது என்பது உண்மையே. ஆயினும் யார் யாருடன், எப்பொழுது, எத்தனை முறை பேசுகிறார்கள் என்னும் உறவு வலை அதற்குத் தெரியும். என் மாமியார் நெஞ்சில் வைத்துக் காத்த உறவுமுறை வரிசையை இன்று யாரோ தொலைதூரத்தில் வைத்திருக்கிறார்கள்.

தனியுரிமை அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017-இல் தீர்ப்பளித்தது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென 2023-இல் சட்டமும் இயற்றப்பட்டது. சட்டம் வாயிற்காவலன் போன்றது. கதவைத் தாழிட வேண்டியவர் வீட்டுக்காரரே.

மாற்று வழிகளில் குறையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். சிக்னல் என்னும் செயலியை இலாப நோக்கற்ற அறநிறுவனம் நடத்துகிறது, அதன் நிரல் வெளிப்படையானது, விளம்பரம் கிடையாது. ஆனால் நம் சுற்றத்தார் அனைவரும் அதில் இல்லை. லிப்ரே ஆபீசு என்னும் கட்டற்ற எழுதுகருவியில் தமிழ் நன்றாகவே வரும்; ஆயினும் பிறர் அனுப்பும் கோப்பின் பக்க அமைப்பு சில வேளை கலையும். பழுது என்றால் அழைத்துக் கேட்கக் கட்டணமில்லாத் தொலைபேசி எண் இராது. பக்கத்தில் அறிந்தவர் ஒருவரைத்தான் கேட்க வேண்டும். இவற்றைச் செய்வோரும் நன்கொடையின்றி வாழ இயலாது. பணம் கொடாமல் பயன்படுத்துவது மட்டுமே நம் வழக்கமானால் அவ்விளக்குகளும் அணைந்துவிடும். நானும் இன்று காலை வாட்சப்பில்தான் இவ்விழா அழைப்பைப் பார்த்தேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் துறக்க இல்லறத்தாரால் ஆகாது. அதனால்தான் நமக்கு அணுவிரதம் வகுத்தார்கள். சிறு அளவில் தொடங்கி இயன்ற வரை செல்லலாம்.

அவ்வாறு இயன்றவை நான்கினை இவ்வறக்கட்டளைக்கு முன்வைக்கிறேன்.

ஒன்று: நம் வீடுகளிலும் ஊர்க் கோயில்களிலும் உள்ள பழைய ஏடுகள், கையெழுத்துப் படிகள், விழா மலர்கள் ஆகியவற்றைப் படமெடுத்தும் ஒருங்குறியில் தட்டெழுதியும் திறந்த வடிவில் சேமிப்போம். ஒரு படி அறக்கட்டளையில், ஒரு படி வேற்றூரில், ஒரு படி பொது மின்னூலகத்தில் என மூன்றிடங்களில் வைப்போம்.

இரண்டு: மீள முடியாத பழைய எழுத்துருக் கோப்புகள் உங்களிடம் இருந்தால் குறுவட்டு கெடுமுன் கொண்டு வாருங்கள். என் மாணவன் உதவ இசைந்துள்ளான்.

மூன்று: உறுப்பினர் பட்டியலையும் வரன் குறிப்புகளையும் பொதுக் குழுக்களில் இடுவதை நிறுத்துவோம். வரன் குறிப்பு அறக்கட்டளையின் பதிவேட்டில் இருக்கட்டும். கேட்பவரை விசாரித்து, பெண்ணின் இசைவையும் பெற்று, ஒருவருக்கொருவர் கொடுப்போம். திருமணம் முடிந்ததும் அழிப்போம்.

நான்கு: நம் பிள்ளைகளுள் இருவர் மூவரேனும் கட்டற்ற மென்பொருளைக் கற்கட்டும். வாங்கத் தெரிந்த பிள்ளைகள் நம்மிடம் நிறைய இருக்கிறார்கள். திறந்து பார்க்கத் தெரிந்த பிள்ளைகள் வேண்டும்.

நிறைவாக ஒன்று. மீண்டு வந்த பாடல்களைப் பொதுவில் வைத்துச் சில மாதங்கள் கழிந்தபின் செஞ்சிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மையார் எனக்கு எழுதினார். அவற்றுள் ஒரு தாலாட்டைத் தம் பாட்டியும் பாடியதாகவும், எங்கள் படியில் இல்லாத ஆறு அடிகள் தமக்கு நினைவில் உள்ளன என்றும் குறிப்பிட்டு, அவ்வடிகளையும் அனுப்பியிருந்தார். என் மாமியாரே மறந்துவிட்ட அடிகள் அவை. பூட்டிய கோப்பாகவே அது கிடந்திருந்தால் அவ்வாறு அடிகள் வந்து சேர்ந்திருக்குமா?

இழந்த 41 பக்கங்களுக்காக நான் இன்னும் காத்திருக்கிறேன். இந்த அவையில் உங்களுள் யாருடைய தாயாருக்கேனும், பாட்டியாருக்கேனும் வந்தவாசிப் பக்கத்து ஒப்பாரி தெரிந்திருந்தால், விழா முடிந்ததும் என்னிடம் ஒரு சொல் சொல்லுங்கள். குறிப்பேடும் எழுதுகோலும் கொண்டு வந்திருக்கிறேன்.